வழுக்கத் தெரியாதவர்

"மூணு வருசமாக் கடைசி ஆளாவே நடந்து வர்றேன். என்னைக்குத்தாம்மா நான் முன்னால போறது?"

தனுஷ்கோடி இதைக் கேட்டபோது முத்துராக்கு தன் கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையின் மேல் உப்புத் தூவிக்கொண்டிருந்தாள்.

அட்டை சுருண்டு விழுந்தது.

"வழுக்கினதும் போகலாம், சார்" என்றாள்.

உப்புப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். டீக்கடைப் பக்கம் போய்விட்டாள்.

மலையிலிருந்து இறங்கிய மற்ற ஆறு பேரும் ஈரத் துணியோடு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தனுஷ்கோடி மட்டும் பாதை முடிகிற இடத்திலேயே நின்றார்.

அந்தப் பதிலைத் தனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டு முறையும் அது பதில் மாதிரியே இல்லை.

*

ராக்குவுக்கு முப்பத்துநாலு வயது. தனுஷ்கோடிக்கு அறுபத்தொன்று.

ஆனாலும் குரு அவள்தான்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவர் அவர். விசில் ஊதினால் ஐந்நூறு பிள்ளைகள் நேர்கோட்டில் நிற்பார்கள். ஓய்வு பெற்ற மறுமாதம், ஊர்க்காரர்கள் சிலரோடு பொழுதுபோக்காக மொட்டைப்பாறைக்கு ஏற வந்தார்.

ஒன்பது வளைவு ஏற்றம். மழைக்காலம் முழுக்கப் பாதை பச்சைப் பாசி பூத்துக் கிடக்கும். அதில் ராக்கு ரப்பர் செருப்போடு, கையில் டீ கேத்தலோடு, வீட்டுக்குள் நடப்பதுபோல் நடந்தாள்.

தனுஷ்கோடி ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்தார். கேத்தலிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை.

இறங்கி வந்ததும் அவளிடம் போய், எனக்குக் கற்றுக்கொடுப்பாயா என்று கேட்டார். ஒரு பெண்ணிடம், அதுவும் தன் மகள் வயதுப் பெண்ணிடம், கைகட்டி நின்று கேட்டது அவருக்கே புதிது.

ராக்கு வரிசையின் கடைசியைக் கைகாட்டினாள்.

அவர் போய் நின்றார். அப்படி நின்றதுதான். மூன்று வருடம் ஓடிவிட்டது.

*

ராக்குவின் வரிசைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு.

வழுக்கினவர் முன்னால் வர வேண்டும்.

யார் வழுக்கினாலும் சரி, எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு முதல் ஆளாகப் போக வேண்டியதுதான். அடுத்தவர் வழுக்கும்வரை அவர்தான் தலை. அவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் தாண்டக் கூடாது. ராக்கு அவருக்குப் பின்னால், இரண்டாவது ஆளாக நடந்து, வழி மட்டும் சொல்வாள்.

புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். காரணம் கேட்பார்கள். ராக்கு, ஏறலாமா என்று கேட்பாள். அவர்கள் ஏறத் தொடங்கிவிடுவார்கள்.

இந்தச் சட்டத்தால் ஞாயிற்றுக்கிழமை வரிசைக்குக் கிட்டத்தட்ட நிரந்தரத் தலைவியாக இருந்தவர் பரிமளா. போடியில் தையல்கடை வைத்திருப்பவர். ஒரு நடைக்கு இரண்டு தடவையாவது விழுவார். விழுந்த இடத்திலேயே ஜாக்கெட் அளவு பற்றி விட்ட பேச்சைத் தொடர்ந்துகொண்டு எழுந்து முன்னால் வருவார்.

மலையில் மற்றவர்கள் கால் வைக்கிறார்கள், நான் ஆளையே வைக்கிறேன் என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

தனுஷ்கோடி விழுந்ததே இல்லை.

நாற்பத்துமூன்று நடை. ஒரு சறுக்கல்கூடக் கிடையாது. அதை அவர் கணக்கு வைத்திருந்தார். கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

பாதம் முழுதாகப் பதிய வேண்டும், முட்டி லேசாக மடங்க வேண்டும், கண் அடுத்த அடியை விட்டு நகரக் கூடாது என்று டீக்கடையில் எழுந்து நின்று செய்து காட்டுவார். டீக்கடைக்காரர் அதற்குள் இரண்டு பேருக்கு வடை கொடுத்து முடித்திருப்பார்.

*

இதெல்லாம் இத்தனை நாள் ஒரு குறையாகவே இல்லை. குறையாக ஆக்கியது இந்த வருட மழை.

மழை நன்றாகப் பெய்தது. ஓடை நிறைந்தது. யாரோ எடுத்த படங்கள் பரவி, ராக்குவின் போன் ஓயாமல் அடித்தது. ஒரு நாள் டீ குடிக்கும்போது அவள் பொதுவாகச் சொன்னாள், இனிமேல் சனிக்கிழமையும் ஒரு வரிசை போகணும், அதைக் கூட்டிப் போக ஒரு ஆள் வேணும் என்று.

எல்லோரும் தனுஷ்கோடியைப் பார்த்தார்கள்.

ராக்கு டம்ளரைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே அவருடைய பழைய மாணவன் லிங்கத்துரை போன் செய்தான். படிப்பு முடித்த இருபத்தைந்தாவது வருடம், எல்லோரும் சேர்ந்து சாரைப் பார்க்க வரலாமென்று இருக்கிறோம் என்றான்.

தனுஷ்கோடியின் வாய் அவரைக் கேட்காமலே பேசிவிட்டது.

"வீட்டுக்கு வந்து என்னடா பண்ணப் போறீங்க. மொட்டைப்பாறைக்கு வாங்க. நான்தான் கூட்டிட்டுப் போறேன்."

ஒரு மணி நேரத்தில் பதினொரு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். நான்காம் ஞாயிறு என்று தேதியும் குறித்தாகிவிட்டது.

அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டீர்களா என்று மனைவி அடுக்களையிலிருந்து விசாரித்தாள். கேட்டால் தராமலா போகிறாள் என்றார் தனுஷ்கோடி.

கேட்டார். கிடைத்த பதில் நமக்குத் தெரியும்.

*

சரி, வழுக்குவது என்று முடிவு செய்தார்.

இதில் என்ன இருக்கிறது? பரிமளா செய்கிறார். போன மாதம் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று செய்தது. அவரால் முடியாதா?

அடுத்த ஞாயிறு, நான்காம் வளைவில் ஒரு தட்டையான கல்லைத் தேர்ந்தெடுத்தார். எண்ணெய் பூசியதுபோல் பச்சையாக மின்னியது. வேண்டுமென்றே குதிகாலை அதன்மேல் வீசி வைத்தார்.

முட்டி தானாக மடங்கியது. இடுப்பு தானாகத் தாழ்ந்தது. கல்மேல் அசையாமல் நின்றார்.

இன்னொரு கல். அதிலும் நின்றார்.

முப்பது வருடம் அவர் சொன்னதையெல்லாம் கேட்ட கால்கள், அன்று பார்த்துக் கேட்க மறுத்தன.

ஏழாம் வளைவில் பொறுமை போய்விட்டது. சுற்றிலும் பார்த்தார். "அய்யய்யோ" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் பாறைமேல் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

வரிசை நின்றது. ராக்கு மேலேயிருந்து இறங்கி வந்தாள்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தாள். ஒரு விரலால் பாசியைத் தொட்டாள். பாசி எங்கும் கிழியாமல், தைத்து வைத்த கம்பளம்போல் இருந்தது.

"உட்காந்திருக்கீங்க, சார்" என்றாள். "தண்ணி வேணுமா?"

பரிமளா உச்சிவரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். நடுவில் ஒருமுறை அந்தச் சிரிப்பிலேயே வழுக்கியும் விழுந்தார்.

*

அதற்கடுத்த ஞாயிறு, வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அடிப்பாகம் தேய்ந்து தேய்ந்து சாப்பாட்டுத் தட்டுபோல் ஆகியிருந்தது.

அன்று அவர் இன்னும் கவனமாக நடந்தார். கால் அப்படிப் பழகியிருந்தது. ஒன்பது வளைவும் ஏறி முடித்தார். சறுக்கவில்லை.

உச்சியில் எலுமிச்சை சாதம் சாப்பிடும்போது பரிமளா அந்தச் செருப்பைக் கண்டுபிடித்துவிட்டார். விஷயத்தையும் பிடித்துவிட்டார். பிடித்ததும், இந்த மலையில் வழுக்குவதற்குப் பாடம் எடுக்கத் தன்னைவிட்டால் ஆளில்லை என்று, கையில் சாதத்தோடு எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

முதல் பாடம், நாளைக்கு என்ன குழம்பு வைப்பது என்று யோசித்துக்கொண்டே நடக்க வேண்டும். இரண்டாவது பாடம், பக்கத்தில் வருகிறவரிடம் யாரைப் பற்றியாவது குறை சொல்லிக்கொண்டு வர வேண்டும். மூன்றாவது எதுவும் தேவைப்படாது, அதற்குள் விழுந்திருப்போம்.

தனுஷ்கோடி சிரிக்கவில்லை. மனதில் குறித்துக்கொண்டார்.

"உங்க கஷ்டம் என்னன்னா சார், நீங்க உங்க காலையே பாத்துட்டு வர்றீங்க" என்றார் பரிமளா. "அஞ்சாவது வளைவுல வயித்துல பொந்தோட ஒரு மரம் நிக்குதே. பாத்திருக்கீங்களா?"

அவர் பார்த்ததில்லை.

அந்தப் பொந்தில் போன வாரம் ஒரு மலை அணில் இருந்தது, எல்லோரும் பத்து நிமிடம் நின்று வேடிக்கை பார்த்தோமே என்றார் பரிமளா.

எல்லோரும் நின்றது தனுஷ்கோடிக்கு நினைவிருந்தது. அந்தப் பத்து நிமிடமும் அவர் தன் காலுக்கடியில் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது முக்கோணக் கல். இடது ஓரம் உடைந்தது.

பாதையிலுள்ள அத்தனை கல்லையும் அவரால் சொல்ல முடியும். ஒரு மரத்தைச் சொல்ல முடியவில்லை.

இறங்கும்போது தலையை நிமிர்த்தி நடந்து பார்த்தார். மூன்று அடிதான். ரப்பர் கட்டி இழுத்ததுபோல் கண் மறுபடி காலுக்கு வந்துவிட்டது.

*

அன்று கீழே வந்ததும் ராக்குவிடம் போனார். இன்னும் ஒரு ஞாயிறுதான் இருந்தது. அடுத்த வாரம் பதினொரு பேர் வேனில் வந்து இறங்குவார்கள்.

வழுக்காமல் நடப்பது ஒரு குற்றமா என்று கேட்டார். குரலில் கொஞ்சம் பி.டி. வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

ராக்கு செருப்பைக் கழற்றி ஓடைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். குற்றமில்லை சார், உங்களை மாதிரி நடக்கிறவரை நான் பார்த்ததில்லை என்றாள்.

அவர் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்.

அவள் இரண்டாவது செருப்பையும் அலசினாள். பிறகு கேட்டாள்.

"இன்னைக்கு உங்களுக்கு முன்னால நடந்தது யாரு, சார்?"

தனுஷ்கோடி வாயைத் திறந்தார்.

ஒரு நீலப் பை நினைவுக்கு வந்தது. இல்லை, பச்சை. ஆணா, பெண்ணா? ஆறு மணி நேரம் மூன்றடி தூரத்தில் யாரோ ஏறி, யாரோ இறங்கியிருக்கிறார்கள்.



ராக்கு செருப்பை உதறி மாட்டிக்கொண்டு போனாள்.

அவர் பஸ் ஏறும்வரைக்கும் அதே யோசனையாக இருந்தார். பஸ்ஸில் ஒரு நீலப் பைக்காரர் அவரைப் பார்த்துத் தலையாட்டினார். தனுஷ்கோடி பதிலுக்குத் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

நான்காம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வேன் வந்தது. பரிமளாவும் வழக்கமான ஆட்களும் அந்த வாரம் வரவில்லை.

பதினொரு பேர் இறங்கினார்கள். எல்லோருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. பாதிப்பேருக்கு முன்மண்டையில் முடி இல்லை. தனுஷ்கோடியைக் கண்டதும், யாரும் சொல்லாமலேயே, உயர வரிசையில் நின்றார்கள்.

நின்ற பிறகுதான் தாங்கள் நின்றிருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. கலைந்து சிரித்தார்கள்.

ராக்கு உப்புப் பொட்டலங்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். லிங்கத்துரை, மாவட்ட அளவில் ஓடிப் பரிசு வாங்கியவன், இப்போது பெரியகுளத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன், பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவளிடம் மரியாதையாகச் சொன்னான்.

"நீங்க சிரமப்பட வேண்டாங்க. சார்தான் எங்களைக் கூட்டிட்டுப் போறாரு."

ராக்கு நிமிர்ந்து தனுஷ்கோடியைப் பார்த்தாள்.

அவள் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் ஒதுங்கி நின்றிருப்பாள் என்றே அவருக்குத் தோன்றியது.

மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"நான் உங்ககிட்ட அளந்துவிட்டேன்டா" என்றார். "இவங்கதான் எனக்குக் குரு. இவங்க கூட்டிட்டுப் போவாங்க. நான் கடைசியில வருவேன்."

பதினொரு வாயும் திறந்தபடி இருந்தன. சார் கடைசியில் வருவதை அவர்கள் கனவில்கூடக் கண்டதில்லை.

கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

"கடைசியில வர்றவனுக்கு இன்னொரு ரவுண்டு உண்டா சார்?"

ராசாங்கம். தேனியில் பேக்கரி வைத்திருப்பவன். அவனைப் பார்த்தாலே அவனுடைய சரக்கு நல்ல சரக்கு என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் கடைசியாக ஓடி வருகிறவன் மைதானத்தை இன்னொரு முறை சுற்ற வேண்டும் என்பது தனுஷ்கோடியின் சட்டம். அந்த இன்னொரு சுற்றை ஐந்து வருடமும் ஓடியவன் ராசாங்கம்தான்.

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். கொஞ்சம் தாமதமாக, தனுஷ்கோடியும் சிரித்தார்.

*

சாரல் விழுந்துகொண்டிருந்தது. மலை முழுக்க ஈரமாக மூச்சுவிட்டது.

லிங்கத்துரை முதல் வளைவை ஓடியே ஏறினான். இரண்டாம் வளைவில் வழுக்கி விழுந்து நான்கு காலில் வந்தான். சட்டம் அவனுக்குச் சொல்லப்பட்டது. அவமானத்தோடு முதல் ஆளாகப் போய் நின்றவன், அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லையும் கேட்டுக் கேட்டுக் கால் வைத்தான்.

வரிசையே அவன் வேகத்துக்கு வந்தது. மூச்சு வாங்காமல் பேச முடிந்தது. யார் யாருக்குப் பட்டப்பெயர் வைத்தது, யார் யார் மதில் ஏறிக் குதித்தது என்று இருபத்தைந்து வருடப் பழைய வழக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக விசாரணைக்கு வந்தன.

மூன்றாம் வளைவில் இன்னொருவன் விழுந்து முன்னால் போனான். ஐந்தில் இன்னொருவன்.

ஒவ்வொரு வளைவுக்கும் ராசாங்கம் ஒரு ஆள் பின்தங்கினான். ஆறாம் வளைவு தாண்டும்போது அவன் தனுஷ்கோடிக்கு நேர் முன்னால் இருந்தான்.

"பழைய இடத்துக்கு வந்துட்டேன் சார்" என்றான் திரும்பாமல்.

*

ஏழாம் வளைவு பொல்லாதது.

பாறையை ஒட்டி முப்பது அடி செங்குத்தாகப் படிப்படியாகக் கற்கள். நடுவில் தண்ணீர் கசிந்து ஓடும். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கல், வேர், மண் எல்லாவற்றின் மேலும் பாசி ஒரே பச்சையாகப் போர்த்தியிருக்கும்.

மற்ற பத்துப் பேரும் ஏறிவிட்டார்கள். ராசாங்கம் நான்கு கல் ஏறி நின்றான். ஐந்தாவதுக்குக் காலைத் தூக்கினான். வைக்கவில்லை. மறுபடி அதே கல்லில் வைத்தான்.

நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் சார், நீங்கள் எல்லோரும் போய்விட்டு வரும்போது என்னைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்றான். கோபமோ வருத்தமோ இல்லாமல் சொன்னான். பழகிப்போனவன் சொல்வதுபோல் சொன்னான்.

தனுஷ்கோடியின் தொண்டையில் ஒரு பழைய வார்த்தை தயாராக இருந்தது. முப்பது வருடம் மைதானத்தில் அவர் தினமும் சொன்ன வார்த்தை. உட்காருகிறேன் என்று எவன் சொன்னாலும் அடுத்த நொடி விழும் வார்த்தை.

அது வெளியே வரவில்லை.

அவர் கீழே நின்றார், ராசாங்கம் மேலே நின்றான். அவன் கால் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. வேறு எங்கும் பார்க்க வழியில்லை.

புது ஷூ. இன்றைக்கென்றே வாங்கியது. அடியில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. பயத்தில் திரும்பியது இல்லை. முட்டியிலிருந்தே அப்படி இருந்தது.

"இது எப்ப இருந்துடா இப்படி?"

"எது சார்? காலா? பிறந்ததுல இருந்தே இப்படித்தான் சார்."

 சாரல் தொப்பியில் விழுகிற சத்தம் கேட்டது.

ஐந்து வருடம். வாரத்துக்கு மூன்று பீரியடு. ஒவ்வொரு தடவையும் இன்னொரு சுற்று.

"இடது காலை நேரா வைக்காத" என்றார். குரல் அவருக்கே கேட்காத அளவுக்குத் தணிந்திருந்தது. "உனக்கு எப்படி வருதோ அப்படியே வை. குறுக்கவே வை. பச்சை மேல வேண்டாம். அந்தச் சாம்பல் திட்டு இருக்கு பாரு, சொரசொரன்னு, அதுமேல."

ராசாங்கம் வைத்தான். நின்றது.

"இப்ப வலது. வேர்ல வைக்காத, வேர் ஏமாத்தும். வேருக்கு இந்தப் பக்கம் மண்ணு."

அதுவும் நின்றது.

மேலேயிருந்தவர்களின் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. சார் எதிரில் பேச்சு நிற்பது அவர்களுக்குப் புதிதில்லை. சார் இப்படிப் பேசுவதுதான் புதிது.

மூன்றாவது அடி. நான்காவது. தனுஷ்கோடி கூடவே ஏறினார். ராசாங்கத்தின் குதிகால் எங்கே கனம் கொள்கிறது, எந்த விரல் பயப்படுகிறது என்று பார்த்துக்கொண்டே ஏறினார். இந்தக் கால் எப்படி நடக்கும் என்பது கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குப் பிடிபட்டது. எப்படி வைத்தால் இதற்குச் சுலபம் என்பதும் தெரிந்தது.

"இப்ப இடது. கொஞ்சம் தள்ளி. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான்..."

அவருடைய சொந்தக் கால் ஒரு வேரின் மேல் இருந்தது.

*

சத்தம்கூட வரவில்லை.

பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னதுதான். நின்றிருந்த சார் திடீரென்று படுத்திருந்தார். படுத்தவர் முதுகாலேயே, கைகால் எல்லாம் மேலே இருக்க, ஏறிய கற்கள் அத்தனையையும் இறங்கினார். தொப்பி அவரைவிட வேகமாகப் போய் ஓடையில் விழுந்தது.

அடியில், சேற்றில், உட்கார்ந்த நிலையில் போய் நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மேலே பத்துப் பேர் உதட்டைக் கடித்துக்கொண்டு பாறையைப் பார்த்தார்கள். ஒருவன் தோளில் இன்னொருவன் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சார் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ராசாங்கத்தால் திரும்ப முடியவில்லை. பாறையைப் பார்த்தபடியே, அடிபட்டுவிட்டதா சார் என்று கேட்டான்.

தனுஷ்கோடி முழங்கையைத் தடவிப் பார்த்தார். இடுப்பைத் தடவிப் பார்த்தார். மூக்கின் மேல் இருந்த ஒரு தவளையை எடுத்து மெதுவாக ஓரத்தில் விட்டார்.

பிறகு சிரிக்கத் தொடங்கினார். முதலில் மூக்கால். அப்புறம் தோளால். கடைசியில் வயிறு குலுங்க.

அதன் பிறகு மலை அதிர்ந்தது.

*

ராக்கு இறங்கி வந்தாள். ராசாங்கத்தைத் தொடாமல் ஓரமாகத் தாண்டி, கல் கல்லாக இறங்கினாள்.

அந்த வேரைப் பார்த்தாள். பாசி ஒரு முழ நீளத்துக்கு உரிந்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

தனுஷ்கோடியைப் பார்த்தாள். முதுகு, தலை, காது, எல்லாம் சேறு.

"முன்னால வாங்க, சார்" என்றாள்.

மேலே பத்துப் பேரும் பாறையோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். லிங்கத்துரை கையை நீட்டினான். பாதை கீழிருந்து மேல்வரை அவருக்காகத் திறந்து கிடந்தது.

தனுஷ்கோடி அதைப் பார்க்கவில்லை.

எழுந்தார். சேற்றைத் தட்டக்கூட இல்லை. கற்களைப் பிடித்து ஏறி, ராசாங்கத்துக்குப் பின்னால், பழைய இடத்தில் வந்து நின்றுகொண்டார்.

"அசையாதடா. இடது கால் சரியாத்தான் இருக்கு. எடுத்துராத" என்றார். பிறகு ராக்குவின் பக்கம் திரும்பாமலேயே சொன்னார், "இதோ வந்துடுறேம்மா. இவன் இந்த ஒரு வளைவைத் தாண்டிரட்டும்."

ராக்கு ஓடையில் கிடந்த தொப்பியை எடுத்துத் தண்ணீரைப் பிழிந்தாள்.

"சனிக்கிழமை ஏழு மணிக்கு எட்டுப் பேர் வர்றாங்க, சார்" என்றாள். "நீங்க ஆறரைக்கே வந்துடுங்க."